ஆர்தர் சி. கிளார்க் கண்காட்சி: பலகையில் என்ன எழுதுவது, வளவுவாசலில் என்ன காட்டுவது?

கேள்வி: பள்ளத்தூர் ஆச்சி

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் 16 அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பிறந்தநாள். அன்றைக்கு எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஒரு பழைய வீட்டின் முகப்பும் வளவும் (நடுவில் திறந்த வாசல் உள்ள உள்கட்டு) பகல் முழுக்கக் கிடைக்கிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அறுபது பிள்ளைகள் வருவார்கள். செலவு குறைவாக இருக்க வேண்டும். புரொஜெக்டர் கிடையாது.

முகப்பில் வைக்கும் பலகைக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறோம்:

"செயற்கைக்கோளைக் கண்டுபிடித்த விஞ்ஞானி. 1945-இல் தம் நாவலில் அதை முன்கூட்டியே எழுதினார். காப்புரிமை வாங்கிக் கோடீஸ்வரர் ஆனார். 2001 என்ற இவரது நாவலைப் பின்னர் படமாக எடுத்தார்கள். அதில் வரும் ஹால் (HAL) என்ற கணினியின் பெயர், ஐபிஎம் (IBM) என்பதில் ஒவ்வோர் எழுத்தையும் ஒன்று முன்னால் தள்ளி வைத்தது."

அச்சுக்குக் கொடுக்கும் முன் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வளவுவாசலில் பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஒன்று வேண்டும். தொப்பி போட்ட ராக்கெட் அட்டை வேலை வேண்டாம், போதும் போதும் என்றாகிவிட்டது.

பதில் 1: பழுப்புத்தாள்

ஆச்சி, அச்சுக்குப் போகும் முன் கேட்டீர்களே, நல்லதாயிற்று. ஐந்து வரியிலும் பிழை இருக்கிறது. வரிசையாகச் சொல்கிறேன்.

செயற்கைக்கோளை அவர் கண்டுபிடிக்கவில்லை. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற பாதை உண்டு என்பது அவருக்கு முன்பே தெரிந்த கணக்கு. போட்டோச்னிக் என்ற ஸ்லோவேனியப் பொறியாளர், நூர்டுங் என்ற புனைபெயரில், 1920-களின் கடைசியிலேயே அந்தப் பாதையில் ஒரு விண்நிலையத்தை வரைந்து காட்டிவிட்டார். கிளார்க் சேர்த்தது வேறு: அங்கே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க வானொலியும் தொலைக்காட்சியும் அனுப்பலாம் என்ற வாதத்தை, அலைநீளம், மின்சக்தி, கோணம் எல்லாம் போட்டு எழுதினார். அது நாவலும் இல்லை, கதையும் இல்லை. 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற தொழில்நுட்ப மாத இதழின் 1945 அக்டோபர் இதழில் நாலு பக்கக் கட்டுரை.

காப்புரிமை அவர் கேட்கவே இல்லை. கட்டுரைக்குக் கிடைத்தது 15 பவுண்டு. அதைப் பற்றிப் பின்னாளில் அவரே கேலியாக எழுதினார்.

கட்டுரைக்கும் நிஜத்துக்கும் இடையே 19 வருடம் இருக்கிறது. அதைப் பலகையில் பெரிதாகப் போடுங்கள். 1963-இல் சின்காம்-2 என்ற அமெரிக்கக் கோள் பூமியின் நேரத்தோடு சுற்றியது, ஆனால் பாதை சாய்ந்திருந்தது. 1964 ஆகஸ்டில் போன சின்காம்-3 தான் நிஜமாகவே ஓரிடத்தில் நின்ற முதல் கோள். அந்த வருடத்து டோக்கியோ ஒலிம்பிக் படங்கள் அது வழியாகத்தான் பசிபிக் கடலைத் தாண்டின. அவர் தவறிய இடத்தையும் மறைக்காதீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஆட்கள் தங்கிப் பராமரிப்பார்கள், ராக்கெட்டில் சாமான் போகும் என்று நினைத்தார். எரிந்துபோன ரேடியோ வால்வை மாற்ற ஆள் வேண்டும் என்ற காலத்து மனிதர். வால்வுக்குப் பதிலாக வந்த டிரான்சிஸ்டர் 1947 கடைசியில்தான் வருகிறது.

2001: நாவலும் படமும் கூடவே வளர்ந்தவை. கிளார்க்கும் படத்தின் இயக்குநர் குப்ரிக்கும் சேர்ந்து எழுதினார்கள். படம் 1968 ஏப்ரலில் வந்தது, புத்தகம் சில மாதம் கழித்து. விதை மட்டும் பழையது: 1948-இல் எழுதிய 'தி சென்டினல்' என்ற சிறுகதை. படத்தில் கப்பல் வியாழனுக்குப் போகிறது, நாவலில் சனிக்கு. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், தயாராக இருங்கள். ஹால்-ஐபிஎம் சங்கதியைக் கிளார்க் மறுத்துக்கொண்டே இருந்தார். போடுவதானால் "வதந்தி, ஆசிரியர் மறுத்தார்" என்று போடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

வாழ்க்கைக் குறிப்புக்கு இவ்வளவு போதும்: 1917-இல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறப்பு. 1936-இல் லண்டனுக்கு வந்து அரசாங்கத் தணிக்கை உத்தியோகம், ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிற வேலை. (பேரேட்டோடு வளர்ந்த நம் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார். மேகத்தில் கண் தெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்து சொல்லிச் சொல்லி இறக்குகிற கருவியில் இருந்தார். போர் முடிந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் படித்து, 1948-இல் முதல் வகுப்பு. 1956 முதல் இலங்கை. 2008 மார்ச் 19-இல் கொழும்பில் மறைவு. கட்டுரையை எழுதும்போது அவருக்குப் பட்டம் கிடையாது என்ற ஒரு வரியை மட்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் ஒட்டுங்கள்.

பதில் 2: தூக்குநூல்

கையால் செய்வதற்கு வளவுவாசலை விட நல்ல இடம் கிடையாது. கிளார்க் சொன்ன பாதை நம் தலைக்கு மேலேதான் போகிறது. அது வானத்தில் எங்கே என்று ஒரு பைப்பை நட்டுக் காட்டிவிடலாம்.

முதலில் தரை. 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையை நடுவில் வையுங்கள். நிலைக்கோள் பாதை, அதாவது ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற கோளின் பாதை, பூமியின் மையத்திலிருந்து பூமி ஆரத்தைப் போல 6.6 மடங்கு. அதாவது 99 செ.மீ. நூல் கட்டி சாக்பீசில் வட்டம் போட்டால் போதும். 8 அங்குல ஆத்தங்குடிக் கல் பாவிய தரையானால் எண்ணியே காட்டலாம், மையத்திலிருந்து ஐந்து கல். அதே அளவில் நிலா 9 மீட்டர் தள்ளி, நாற்பத்துநாலு நாற்பத்தைந்து கல். அநேகமாக வாசலைத் தாண்டிப் பட்டாலைக் கூடத்துக்குள் போய்விடும். அங்கே எட்டு செ.மீ. பந்து ஒன்றை ஒரு பிள்ளை கையில் கொடுத்து நிறுத்துங்கள். தரையில் சாக்பீஸ் மட்டும். எலுமிச்சை, புளி போட்டுத் தேய்த்து அழிக்க விடாதீர்கள். சிமெண்டுக் கல், புளிப்புப் பட்ட இடம் வெளுத்துவிடும்.

இனி வானம். 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இஸ்ரோ தன் கோள்களுக்கு நெடுநாளாகப் பயன்படுத்தும் இடம். 2012-இல் ஏவிய ஜிசாட்-10 அங்கேதான் நிறுத்தப்பட்டது. காரைக்குடியிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 77 டிகிரி உயரத்தில், நேர் தெற்கிலிருந்து 23 டிகிரி கிழக்கே ஒதுங்கி நிற்கிறது. 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 கொஞ்சம் தாழ்வு: உயரம் 69, தெற்கிலிருந்து கிழக்கே 56. செட்டிநாடு முழுக்க ஓரிரு டிகிரிக்கு மேல் மாறாது, பள்ளத்தூருக்கும் இதே எண் போதும். கண்ணுக்குப் புள்ளி தெரியும் என்று எதிர்பார்த்து வருவார்கள். தெரியாது, 36,000 கி.மீ. தூரம். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தெற்கைப் பிடிப்பது எப்படி: டிசம்பர் 16 அன்று நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 10 நிமிடத்துக்கு. 12 மணிக்கு இல்லை. கடிகார நேரம் 82.5 டிகிரிக்குரியது, நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். வாசலில் ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குநூல் பார்த்துச் செங்குத்தாக நிறுத்தி, 12.10-க்கு நிழலின் நுனியில் புள்ளி வையுங்கள். நிழல் 66 செ.மீ. இருக்க வேண்டும். ரொம்பக் கூடக் குறைய இருந்தால் குச்சி சாய்ந்திருக்கிறது, இல்லை தரைக்கு வாட்டம் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிய வாசலுக்கு எப்போதும் வாட்டம் விட்டிருப்பார்கள், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நிழல் காட்டுவது வடக்கு. அந்தக் கோட்டைக் குச்சியின் அடிக்குப் பின்பக்கம் நீட்டினால் தெற்கு. ஐந்து நிமிடம் தவறினால் இரண்டு டிகிரி தவறும், அதனால் கைப்பேசி நேரத்தையே பாருங்கள், சுவர்க்கடிகாரத்தை நம்ப வேண்டாம்.

அந்தக் கோட்டில் குச்சியின் அடியிலிருந்து தெற்கே 100 செ.மீ. அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து செங்கோணமாகக் கிழக்கே 42 செ.மீ. அந்தப் புள்ளியையும் குச்சியின் அடியையும் சேர்த்தால் அதுதான் கோளின் திசைக்கோடு. கோணமானியே தேவையில்லை.

பைப்: ஓர் அங்குல பிவிசி, மூன்றடி நீளம். அடி முனை குச்சி நின்ற இடத்தில். மேல் முனையைத் திசைக்கோட்டின் பக்கம் சாயுங்கள். மேல் முனையிலிருந்து விட்ட தூக்குநூல், அடி முனையிலிருந்து கோட்டின் மேலேயே சரியாக 8 அங்குலம் தள்ளி விழுந்தால் 77 டிகிரி வந்துவிட்டது. இரண்டு சவுக்குக் கழியை நட்டு அதோடு கட்டிவிடுங்கள். பிள்ளைகள் கோணமானியும் நூலும் கொண்டு உயரத்தைச் சரிபார்க்கட்டும். பத்தில் எட்டுப் பேர் 13 என்று படிப்பார்கள். நூல் காட்டுவது செங்குத்திலிருந்து சாய்வு, 90-இல் கழிக்க வேண்டும். அந்தத் தவறைத் திருத்தப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

வளவுக்குள்ளிருந்து வானம் தெரியுமா என்ற சந்தேகம் வேண்டாம். கண் மட்டத்துக்கு மேல் ஏழரை அடியில் தாழ்வாரத்து ஓடு இருந்தால், அதிலிருந்து இரண்டடி தள்ளி நின்றாலே 77 டிகிரி திறந்துவிடும். ஆனால் கிளார்க் 1945-இல் சொன்ன மூன்று இடங்களைக் காட்ட மெத்தைக்கு, அதாவது மாடிக்குத்தான் ஏற வேண்டும். அவர் சொன்னது 30 கிழக்கு, 150 கிழக்கு, 90 மேற்கு. நம் ஊருக்கு முதலாவது மேற்கே 33 டிகிரி உயரத்தில், இரண்டாவது கிழக்கே வெறும் 10 டிகிரியில். தென்னை மரம் மறைக்கும். மூன்றாவது பூமிக்கு அந்தப் பக்கம். அவர் திட்டப்படியே நடந்திருந்தால் செட்டிநாட்டு டிஷ் எல்லாம் மேற்கே ஆப்பிரிக்காவைப் பார்த்து நின்றிருக்கும்.

பள்ளத்தூர் ஆச்சி

அண்ணே, இன்றைக்கே ஒரு ஒத்திகை பார்த்தோம். இரண்டு சிக்கல். நிழல் காட்டுகிற வடக்கும் காம்பஸ் காட்டுகிற வடக்கும் இருபது டிகிரி போல மாறுகின்றன. தாழ்வாரத்தின் இந்த ஓரத்தில் ஒன்று, அந்த ஓரத்தில் வேறொன்று. இன்னொன்று, பக்கத்து வீட்டு மாடி டிஷ் பாதி குனிந்து நிற்கிறது. 77 டிகிரி மேலே பார்க்கிற மாதிரியே இல்லை. பிள்ளைகள் "அது தப்பா, நம் பைப் தப்பா" என்கிறார்கள்.

பதில் 3: தூக்குநூல்

இரண்டிலும் பைப்தான் சரி.

வளவில் நிற்கிற தூண் மரமா இரும்பா? வார்ப்பிரும்புத் தூணும் இரும்பு உத்திரமும் உள்ள வீட்டில் காம்பஸ் எடுபடாது. வாசலுக்கு மேலே கம்பி கிராதி போட்டிருந்தால் இன்னும் மோசம். இரும்பு இல்லாத பொட்டலில் வைத்தால் காம்பஸ் வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் நம் பக்கம் இரண்டு டிகிரி கூட வித்தியாசம் இராது. நிழலையே வைத்துக்கொள்ளுங்கள்.

டிஷ் சமாசாரம்: வீட்டு டிஷ், முழுக்கிண்ணத்தின் நடுப்பகுதி இல்லை, ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த துண்டு. அதனால் தகடு பார்க்கிற திசை வேறு, அலை வந்து விழுகிற திசை வேறு. வித்தியாசம் இருபது இருபத்தைந்து டிகிரி போல வரும். 77 டிகிரிக் கோளைப் பிடிக்கும் தகடு ஐம்பத்துச் சொச்சம் டிகிரிக்குச் சாய்ந்து நிற்பதாகத்தான் தோன்றும். மையத்தில் பிடிப்பானை வைத்தால் அதன் நிழலே தகட்டில் விழுந்து அலையை மறைக்கும், அதைத் தவிர்க்கவே இந்த வெட்டு. மழைத்தண்ணீரும் தேங்காது.

மேகம் மூடினால் என்ன செய்வது என்று கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவம் முழுசாக ஓய்ந்திருக்காது. கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெயில் கிடைத்த நாளில் தெற்குக் கோட்டைப் போட்டு இரு முனையிலும் அடையாளம் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு நாள் முந்தினாலும் உச்சி நேரம் அரை நிமிடம் முந்தும். 11-ஆம் தேதி செய்தால் 12.08.

பதில் 4: கோழிவலை

நம் பக்கத்துத் தொடர்பு இரண்டு விட்டுப்போயிற்று.

1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருடம், நாசாவின் ஏடிஎஸ்-6 கோள் வழியாக இஸ்ரோ ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டியது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. ஆனால் கொழும்பில் கிளார்க் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு டிஷ் நிறுவிக் கொடுத்தார்கள். கிராமங்களில் வைத்தது மூன்று மீட்டர் கோழிவலைக் கிண்ணம். வலை எப்படிக் கண்ணாடியாகும் என்று ஒரு துண்டு கோழிவலையைத் தொங்கவிட்டுக் காட்டுங்கள். அந்த அலைவரிசை 860 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 35 செ.மீ. அரை அங்குல ஓட்டை அதற்குக் கண்ணுக்கே தெரியாது, தகடு மாதிரி திருப்பிவிடும். இன்றைய வீட்டு டிஷ்ஷின் அலைநீளம் இரண்டரை செ.மீ. சுமார். அதே வலையில் பாதி ஒழுகிப் போகும், அதனால்தான் முழுத்தகடு. அளவுநாடாவில் 35 செ.மீ. ஒரு கோடு, 2.5 செ.மீ. ஒரு கோடு வரைந்து வலைக்குப் பக்கத்தில் ஒட்டினால் விளக்கமே தேவையில்லை.

இரண்டாவது, திருக்கோணமலை. கிளார்க் இலங்கைக்கு வந்தது விண்வெளிக்காக இல்லை, கடலுக்குள் முங்குவதற்காக. 1956-இல் அங்கே சுவாமி மலை என்ற கடலோரப் பாறைக்கு அடியில் கூட்டாளி மைக் வில்சனோடு இறங்கியபோது, போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களும் தூண்களும் கடலடியில் கிடந்தன. அடுத்த வருடம் வந்த அவருடைய புத்தகத்தில் அது இருக்கிறது. கொழும்புச் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த குடும்பங்கள் இன்னும் நம் ஊர்களில் உண்டு. பழைய கொழும்புப் படம் யாராவது கொடுத்தால் இந்த மூலையில் வையுங்கள்.

படிக்க எதைக் கொடுப்பது? 2001-இலிருந்து தொடங்காதீர்கள், பாதியில் கீழே வைத்துவிடுவார்கள். 'தி நைன் பில்லியன் நேம்ஸ் ஆஃப் காட்' சிறுகதை, 1953. திபெத்து மடம், இறைவன் பெயர்களைப் பட்டியல் போடும் கணினி. அரைமணி நேரத்தில் முடியும், நாமாவளி சொல்லி வளர்ந்த பிள்ளைக்கு உடனே பிடிபடும். அடுத்து 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்', 1961. நிலாத் தூசியில் புதைந்த படகு, உள்ளே பயணிகள், ஏறிக்கொண்டே போகும் வெப்பம். மனிதர்களைச் சரியாக எழுதத் தெரியாதவர் என்ற குறை அவர்மேல் உண்டு, நியாயமானதுதான். ஆனால் இதில் சிக்கலே கதாபாத்திரம். அதற்கப்புறம் 'ரெண்டெவூ வித் ராமா', 1973. அதில் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள்: உள்விட்டம் 16 கி.மீ. உருளை, 4 நிமிடத்துக்கு ஒரு சுற்று. கோணவேகத்தின் வர்க்கத்தை 8,000 மீட்டரால் பெருக்கினால் 5.5 வரும், பூமியின் ஈர்ப்பில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பதினொன்றாம் வகுப்புப் பாடம்தான்.

'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பேரடைஸ்', 1979, கடைசியில். இலங்கையை 800 கி.மீ. தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்துவிட்டு, அங்கிருந்து நிலைக்கோள் பாதைக்கு ஏணி கட்டுகிறார். ஏன் நகர்த்தினார் என்பதை உங்கள் தரை வட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். கேபிள் தொங்க வேண்டிய நேர்கீழ்ப் புள்ளி பூமத்திய ரேகையில் மட்டும்தான் விழும்.

ஒரு எச்சரிக்கை: கதைகளை மொழிபெயர்த்து அச்சடித்து விநியோகிக்காதீர்கள். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த வருடத்திலிருந்து அறுபது வருடம், அதாவது 2068 முடியும் வரை உரிமை இருக்கிறது. கதையை வாயால் சொல்லுங்கள், புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

பதில் 5: தூக்குநூல்

ஒன்றை மறந்துவிட்டேன். பைப்பை டிசம்பரோடு பிடுங்கிவிடாதீர்கள். நம் அட்சரேகையில் மார்ச் 16 வாக்கில் பகல் 12.04-க்கு சூரியன் சரியாக அந்த 83 டிகிரிக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நாட்களில் சில நிமிடம் டிவி புள்ளிபுள்ளியாகிப் போவது இதனால்தான். பைப் சரியாக நட்டிருந்தால் வெயில் உள்ளே இறங்கி அடியில் வைத்த காகிதத்தில் முழு வட்டமாக விழும். 11.58-க்குக் கீற்றாகத் தொடங்கி 12.10-க்குள் போய்விடும். பைப்புக்குள் யாரும் கண் வைக்கக் கூடாது, காகிதத்தை மட்டும் பார்க்க வேண்டும். கிளார்க் நினைவுநாளான 19-ஆம் தேதியும் ஒளி விழும், ஆனால் ஓரம் தேய்ந்து.

பள்ளத்தூர் ஆச்சி

மார்ச்சில் பொதுத்தேர்வு அண்ணே, பன்னிரண்டாம் வகுப்பு வராது. ஒன்பதாம் வகுப்பை வைத்துப் பார்த்துவிடுகிறோம். செப்டம்பரிலும் ஒரு தடவை வருமா?

தூக்குநூல்

வரும். செப்டம்பர் 27 வாக்கில், பகல் 11.46. அதற்குள் பைப் வெயிலில் வளைந்திருக்கும், நூல் கட்டிப் பார்த்து மறுபடி நிமிர்த்திக்கொள்ளுங்கள்.